மேட்டில் ஊர், பள்ளத்தில் ரயில்

இத்தாலிப் பயணத்துக்கு விசாவும் விமான டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு வீட்டில் ஒரு விவாதம் தொடங்கும்: அங்கே ஊர்விட்டு ஊர் போக ரயிலா, வாடகைக் காரா? பெரும்பாலும் பணத்தையும் வசதியையும் மட்டும் கணக்குப் போட்டு, மொத்தப் பயணத்துக்கும் ஒரே முடிவாக எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுக்கும் முடிவு ரயிலாக இருந்தாலும் காராக இருந்தாலும் பாதிப் பயணத்தைக் கெடுத்துவிடும் என்பது என் கருத்து. இந்தக் கேள்விக்கான பதில் அந்த நாட்டின் நிலத்திலேயே இருக்கிறது. ஓர் ஊர் எங்கே, என்ன காரணத்தால் எழுந்தது, பிற்காலத்தில் வந்த ரயில் பாதை அதை எவ்வளவு நெருங்க முடிந்தது என்று பார்த்தால், எந்தப் பகுதிக்கு எது பொருந்தும் என்பது தெளிவாகிவிடும்.

பெருநகரங்களில் இதற்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை. முதன்முறை போகிறவர்களின் பட்டியலில் இருக்கும் மிலான், வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் ஐந்தையும் அதிவேக ரயில்கள் இணைக்கின்றன. ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே போடப்பட்ட நேர்ப்பாதையின் முதல் பகுதி 1977இல் திறக்கப்பட்டது. 1992இல் பாதை முழுமையடைந்தது. இன்று அந்தத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். காரில் போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், சுங்கக் கட்டணமும் உண்டு. 2012இல் இத்தாலோ என்ற தனியார் நிறுவனம் அரசின் ட்ரெனித்தாலியாவுக்குப் போட்டியாக இறங்கியதிலிருந்து, முன்கூட்டியே வாங்குகிறவருக்கு டிக்கெட் நல்ல விலையில் கிடைக்கிறது. ஆனால் நேரத்தையும் விலையையும்விட முக்கியமானது, ரயில் நம்மை எங்கே இறக்கிவிடுகிறது என்பது. ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்திலிருந்து பெரிய தேவாலயத்துக்குப் பத்து நிமிட நடைதான். வெனிஸில் நிலையத்தின் படிகளில் இறங்கினால் எதிரே பெருங்கால்வாய். அந்த நகரத்துக்கு ரயில் பாலம் 1846இலேயே வந்துவிட்டது. சாலைப் பாலம் வந்தது 1933இல். சாலையில் வருகிற கார் நகரத்தின் விளிம்பில் இருக்கும் ரோமா சதுக்கத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் தெருவே இல்லை, வாய்க்கால்களும் நடைபாதைகளும்தான். பயணி வெனிஸில் தங்கும் நாட்களிலெல்லாம் கார் அந்த விளிம்பில் சும்மா நின்றபடி கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

மற்ற நகரங்களில் தெரு இருக்கிறது, ஆனால் அது வெளியூர் வண்டிக்கானதல்ல. குதிரையும் கழுதையும் போய்வந்த காலத்துத் தெருக்களைக் காப்பாற்ற, பழைய நகரப் பகுதிகளைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலங்களாக அறிவித்திருக்கிறார்கள். அனுமதி இல்லாத வண்டி எல்லையைத் தாண்டினால், மேலே இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். தடுக்கக் கம்பமோ காவலரோ இருக்கமாட்டார்கள். வழி தவறி நுழைந்து வெளியே வந்து மறுபடி நுழைந்தால் அது இரண்டு குற்றம், இரண்டு அபராதம். வண்டி யார் கையில் இருந்தது என்ற விவரத்தைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் முதலில் ஒரு தொகையை கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்ளும். அபராதம் பின்னால் தனியாக வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்பச் சட்டம் 360 நாள் அவகாசம் தருவதால், பயணம் மறந்துபோன நேரத்தில்கூட அது வீட்டு வாசலுக்கு வரலாம். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தெருக்களில் நாம் நிம்மதியாக நடக்க முடிவதே இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

இனி மலையூர்களுக்கு வருவோம். டஸ்கனிக்கும் உம்பிரியாவுக்கும் போகிறவர்கள் தேடிப் போவது குன்றின் தலையில் மதிலோடு நிற்கும் கல் ஊர்களை: மோந்தெபுல்சியானோ, பியென்சா, மோந்தல்சினோ, கொர்தோனா, சான் ஜிமிஞானோ. இவை மேலே ஏறிக்கொண்டதற்கு எதிரிப் படை ஒரு காரணம். கீழே இருந்த சதுப்பு நிலமும் அதன் மலேரியாவும் இன்னொரு காரணம். லியொனார்தோ டா வின்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த கியானா பள்ளத்தாக்கு வரைபடத்தைப் பார்த்தால், நடுவே நீளமாக நீர் நிற்பதும், ஊர்களெல்லாம் அதை விட்டு விலகி மேட்டில் இருப்பதும் தெரியும். பல தலைமுறைகள் முயன்று அந்த நீரை வடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வேலையை முன்னெடுத்தவர் வித்தோரியோ ஃபொஸ்ஸொம்ப்ரோனி என்ற பொறியாளர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது, காய்ந்து சமதளமாகிவிட்ட அந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே பாதை போட்டார்கள். இரும்புப் பாதையால் செங்குத்தாக ஏற முடியாது. மக்கள் எந்தப் பள்ளத்துக்குப் பயந்து மேலே போனார்களோ, அங்கேதான் நிலையங்கள் அமைந்தன. கொர்தோனாவின் பெயரைத் தாங்கிய நிலையம் மலையடிவாரத்தில் கமூச்சியாவில் இருக்கிறது. மோந்தெபுல்சியானோவுக்குப் போக கியூசியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது; போஜ்ஜிபோன்சியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். பஸ்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் உள்ளூர்க்காரர்களின் நேரத்துக்கு ஓடுபவை. ஞாயிற்றுக்கிழமையில் மிகவும் குறைந்துவிடும். ஓர்வியெத்தோ மட்டும் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துக்கொண்டது. 1888இல் தண்ணீரின் எடையால் இயங்கும் கேபிள் ரயில் ஒன்றை அமைத்து, நிலையத்தையும் பாறை மேல் இருக்கும் ஊரையும் இணைத்தார்கள். இடையில் நின்றுபோன அது 1990 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. ரயிலிலேயே ஒரு மலையூரைப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது ஓர்வியெத்தோவைத்தான்.

மற்ற மலையூர்களுக்குக் கார் வேண்டும், அதுவும் மனமாரச் சொல்கிறேன். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஓர்ச்சா பள்ளத்தாக்கின் சிறப்பு எந்தத் தனி ஊரிலும் இல்லை. ஊர்களுக்கு நடுவே கிடக்கும் கோதுமை வயலும் சைப்ரஸ் வரிசையும் வளைந்து போகும் மண் சாலையும்தான் அங்கே பார்க்க வேண்டியவை. பஸ் நிற்காத இடத்தில் நிற்கத் தெரிந்த வண்டியில் போனால்தான் அவை கிடைக்கும். ஆனால் அந்த மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் கார் எடுத்தால் போதும். எடுக்கும் இடமும் முக்கியம். ஃபுளோரன்ஸ் நகரத்துக்குள் வண்டி எடுத்து மாட்டிக்கொள்வதைவிட, நகர நடுவிலிருந்து 2019 முதல் ஓடும் டிராமில் விமான நிலையத்துக்குப் போய் எடுத்தால் நேராக நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். நம் ஊர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகம் ஓராண்டுக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம், கியர் வலக்கையில் என்று எல்லாம் மாறியிருக்கும் என்பதால், முதல் நாள் ஓட்டம் அமைதியான கிராமச் சாலையில் அமைவது எல்லோருக்கும் நல்லது.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு டிக்கெட் வாங்குவதைவிடக் கார் மலிவு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. கடைசி நேரத்தில் அதிவேக ரயில் டிக்கெட் வாங்கினால் கணக்கு காருக்கே சாதகமாகும். ஆனால் விளம்பரத்தில் தெரியும் நாள் வாடகையோடு பெட்ரோல், சுங்கம், பார்க்கிங், காப்பீட்டில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, எடுத்த ஊரை விட்டு வேறு ஊரில் ஒப்படைப்பதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்தான் வேண்டும் என்றால் வாடகை இன்னும் ஏறும். வயதானவர்களை அழைத்துப் போகிறோம், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிலையப் படிகளில் ஏற முடியாது என்பது இதைவிட வலுவான வாதம். பெரிய நிலையங்களில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு முன்பதிவின் பேரில் இலவச உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலும், மலையூரில் காரும் மதிலுக்கு வெளியேதான் நிற்கும். கல் பாவிய ஏற்றத்தை அங்கேயும் காலால்தான் ஏற வேண்டும். அடிக்கடி நடக்கும் ரயில் வேலைநிறுத்தங்களைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அவை முன்னறிவிப்போடு வருபவை. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே தீர வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் பெரிய பயமில்லை. காரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஓட்டுகிறவரை நாம் மறந்துவிடுகிறோம். வளைவுச் சாலையில் அவர் பார்ப்பது அடுத்த வளைவை மட்டும்தான். மோந்தல்சினோவின் திராட்சை ரசமும் அவருக்கு இல்லை. அவருக்கும் அது விடுமுறைதானே?

சிசிலியில் கணக்கே மாறிவிடுகிறது. ரோமிலிருந்து போகும் ரயிலின் பெட்டிகளை வில்லா சான் ஜொவான்னியில் கப்பலுக்குள் ஏற்றி மெசினா நீரிணையைக் கடத்துகிறார்கள்; அந்த ஒரு காட்சிக்காகவே அதில் போகலாம். ஆனால் தீவுக்குள் ரயில் மெதுவாகவும் குறைவாகவும்தான் ஓடும். 1693 நிலநடுக்கத்துக்குப் பின் புதிதாகக் கட்டிய நோட்டோ, ராகுசா, மோதிகா ஆகிய ஊர்களை ரயிலில் அடையலாம் என்றாலும், ஒரு வண்டியைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். பியாத்சா அர்மெரினாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோமானிய மாளிகையின் மொசைக் தளங்களைப் பார்க்க ரயில் வழி கிடையாது. எனவே பலெர்மோவைக் கால்நடையாகவே சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து புறப்படும் காலையில் காரை எடுத்து, தீவின் நடுவே மொசைக் மாளிகை வழியாகத் தென்கிழக்கு ஊர்களுக்குப் போய், கடைசியில் கத்தானியா விமான நிலையத்தில் ஒப்படைப்பதுதான் சிசிலிக்கு நான் சொல்லும் வழி. ஒப்படைக்கும் ஊர் மாறுவதால் வரும் கூடுதல் கட்டணத்தை இங்கே தயங்காமல் கொடுக்கலாம்.