பதினெட்டால் பெருக்கு

லண்டன், ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள அக்கா,

மூன்று மாதச் சர்க்கரை 6.8 என்று வந்ததிலிருந்து உனக்குத் தூக்கமே இல்லை என்று அத்தான் சொன்னார். அதற்கு வருமுன், அம்மா இங்கே வந்திருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை உன்னிடம் மறைத்துவிட்டேன்.

அவள் கொண்டுவந்த சுகர் மிஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோனது. இங்கே மருந்துக்கடையில் புது மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அம்மா விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள். 11.4. நூறு, நூற்றைம்பது என்றே பார்த்துப் பழகியவள். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, மயங்கி விழப்போகிறோம் என்று பயந்து இரண்டு ஸ்பூன் சீனியை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த 11.4 நம்மூர்க் கணக்கில் 205, அக்கா! அளவைச் சொல்லாமல் மிஷினைக் கையில் கொடுத்தது என் தவறு.

நம்மூரில் நூறு மில்லியில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடை போடுகிறார்கள். இங்கே ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறுகள் என்று எண்ணுகிறார்கள். மில்லிமோல் என்பது அந்த எண்ணிக்கையின் அளவு. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. நூறு மில்லி, லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதனால் இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்மூர் எண் வரும். 7 என்றால் 126. வெறும் வயிற்றில் சர்க்கரை நோய்க்கு அதுதான் எல்லை. 4-க்குக் கீழே, அதாவது 72-க்குக் கீழே போனால்தான் சீனியைத் தேட வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு இந்தப் 18 ஆகாது, அதற்கு ஏறக்குறைய 38.7. பிரஷர் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இனி உன் 6.8 சதவீதம். இங்கே அதையே 51 என்று அச்சிடுவார்கள். சதவீதத்தை 2011-இல் விட்டுவிட்டார்கள். நம்மூரின் 6.5, இங்கே 48. அதைத் தொட்டால் சர்க்கரை நோய் என்பார்கள். நீ அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறாய். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்றுதான் இந்தச் சோதனை பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்து குறைந்து சோகை பிடித்தால் புது அணுக்கள் பிறப்பது குறைந்து, பழையவை ரத்தத்தில் அதிகமாக நிற்கும். பழைய அணுவில் சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். அதனால் எண் உள்ளதைவிடச் சற்று ஏறிக் காட்டலாம். போன மாதம் உனக்கு ஹீமோகுளோபின் 9 என்றாயே, அந்தத் தாளை இந்த டாக்டர் பார்த்தாரா?

உனக்குச் சர்க்கரை இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு தாளையும் ஒன்றாக டாக்டரிடம் காட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்க்க வேண்டுமா என்று கேள். அதற்குமுன் எனக்குப் படமெடுத்து அனுப்பு. போன தடவைபோல் எண்ணை மட்டும் எடுக்காதே, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அளவும் படத்தில் விழ வேண்டும்.

உன் தங்கை