எண்பதாயிரம் ரூபாயின் பங்கீடு

'அசெம்பிள்டு' என்னும் ஆங்கிலச் சொல் சென்னைத் தமிழில் குடியேறி முப்பது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். "பிராண்டடா, அசெம்பிள்டா?" என்று கேட்பவரின் குரல் இரண்டாவது சொல்லில் சற்றே இறங்கும். பெயர் பொறித்த பெட்டியை வாங்க வசதியில்லாதவர்கள், விவரம் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து, பாகங்களாக வாங்கிக் கோத்துக்கொள்வது என்பதே அதன் உட்பொருள். கணினி விளையாட்டில் ஈடுபாடு கொண்டோரிடம் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. தன் கையால் கோத்த பெட்டிதான் அவர்களுக்குப் பெருமை.

இப்படிக் கோத்துக்கொள்ள முடிகிறதென்பதே ஒரு வரலாற்று விளைவு. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, செயலியை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் பெற்றது. உள்ளமைப்பை விவரிக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தது. அந்தத் திறந்த கதவின் வழியே ஒத்தியங்கும் கணினிகளைச் செய்யும் நிறுவனங்கள் பல நுழைந்தன. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறை, மதர்போர்டின் நீள அகலத்தையும் திருகுத் துளைகளின் இடத்தையும்கூட வரையறுத்தது. ஊரெங்கும் செங்கல் ஒரே அளவில் இருந்தால்தான் எந்தச் சூளையிலிருந்தும் வாங்கிச் சுவர் எழுப்பலாம். ஒரு நாட்டில் செய்த பலகை இன்னொரு நாட்டில் செய்த கேபினட்டில் இழைபிசகாமல் உட்காருவதும் அப்படித்தான்.

நாங்கள் இருவர், அண்ணனும் தம்பியும். ஒருவர் தாம்பரத்தில், மற்றவர் வில்லிவாக்கத்தில். அப்பா 2021இல் காலமான பிறகு அம்மா சைதாப்பேட்டை வீட்டில் தனியே இருக்கிறார். எங்கள் இருவர் வீட்டுக்கும் வர மறுத்துவிட்டார். நாங்கள் தனித்தனியே சென்று பார்த்துவந்தோம். ஒருவர் போன ஞாயிறு மற்றவர் போகாதிருப்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. சண்டையெல்லாம் இல்லை. பேச விஷயம் குறைந்துபோனது, அவ்வளவுதான்.

பேச்சு மறுபடி தொடங்கியது ரோட் ராஷ் என்ற பழைய விளையாட்டைப் பற்றி. பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, அரைமணிக்கு ஒருவராகப் பங்கிட்டு ஆடியவர்கள் நாங்கள். வீட்டுக்குக் கணினி வாங்க வேண்டுமென்ற கோரிக்கை அப்பாவிடம் கடைசிவரை செல்லுபடியாகவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாயாக இருபது மாதங்கள் ஒரு தனிக் கணக்கில் போட்டுவந்தோம். 2023 அக்டோபரில் அது 80,000 ரூபாயாகியிருந்தது. வாங்கும் பொருளைச் சைதாப்பேட்டை வீட்டில்தான் வைப்பதென்பது, இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாத முதல் முடிவு.

விளையாட்டுக் கணினிக்குப் பாகம் தேர்வோர் பெரும்பாலும் செயலியிலிருந்து தொடங்குகிறார்கள். திரையிலிருந்து தொடங்குவதே சரியென்பது எங்கள் அனுபவம். 1920க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் 36,86,400. 4கே என்றால் 82,94,400. விளையாட்டு ஓடும்போது இத்தனை புள்ளிகளின் நிறத்தையும் நொடிக்கு அறுபது முறையாவது புதிதாகக் கணக்கிட வேண்டும். அதாவது ஒரு படத்துக்குப் பதினாறரை மில்லிநொடிக்குச் சற்றே அதிகமான அவகாசம். 144 முறை என்றால் ஏழு மில்லிநொடிகூட இல்லை. எந்தத் திரை என்று முடிவாகும் கணத்திலேயே எந்த கிராபிக்ஸ் கார்டு என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. கார்டு முடிவானால் அதற்கு ஈடுகொடுக்கும் செயலி, செயலிக்கேற்ற பலகை, எல்லாவற்றுக்கும் தீனி போடும் மின்வழங்கி என்று வரிசை தானாக அமைகிறது. தலைப்பக்கம் ஒரு முடிச்சை மாற்றினால் மாலை முழுவதையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான்.

திரைக்கும் முன்னால் இருக்கும் கேள்வி, எதை ஆடப்போகிறோம் என்பது. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரெய் சாப்கோவ்ஸ்கியின் புனைவுலகத்திலிருந்து பிறந்த 'விட்சர் 3' (2015), கணினிக்கு 2019இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆகிய இரண்டும் எங்கள் பட்டியலின் தலையில் இருந்தன. இரண்டாவது, 150 ஜிபி இடத்தைக் கேட்பது. இவை நிலக்காட்சிகளின் விளையாட்டுகள். ஆற அமர நடந்து பார்க்க வேண்டியவை. எங்களுக்கு 1080 திரை போதும், ஆனால் காட்சியின் நுணுக்கங்களைக் குறைக்காமல் பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. 24 அங்குலத் திரைக்கு 10,500 ரூபாய் ஒதுக்கினோம், எஞ்சியது 69,500.

இதில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஆண்டு ஜூனில் வெளியான ஆர்டிஎக்ஸ் 4060ஐ எடுத்துக்கொண்டோம்: 8 ஜிபி நினைவகம், 115 வாட் மின்தேவை, ஏறத்தாழ 29,500 ரூபாய். ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கணக்கே சாத்தியமில்லை. பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டோடு கிரிப்டோ நாணயச் சுரங்கக்காரர்களின் கொள்முதலும் சேர்ந்து கார்டு விலைகளை எட்டாத உயரத்தில் வைத்திருந்தன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அவ்வகைச் சுரங்க முறையைக் கைவிட்டது.

வேறுபாடு எழுந்தது செயலியில்தான். எங்களில் இளையவர் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 பொருத்தியை வற்புறுத்தினார். 2022இல் வந்தது, டிடிஆர்5 ரேம், வரப்போகும் செயலிகளும் அதில் பொருந்தும். மூத்தவர் பழைய ஏஎம்4 பக்கம் நின்றார். 2016இல் தொடங்கிய அந்த வரிசை தன் அந்திமக் கட்டத்தில் இருந்தது; ஆனால் ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 5600, நாங்கள் தேர்ந்த கார்டுக்குத் தாராளமாகப் போதும். செயலி, பலகை, ரேம் மூன்றும் சேர்ந்து இரண்டு வழிகளுக்கும் உள்ள விலை வித்தியாசம் எங்கள் கணக்கில் 14,000 ரூபாய். அதைக் கார்டிலிருந்துதான் பிடுங்க வேண்டும்.

ஒரு வாரம் வாட்ஸப்பில் எண்கள் மட்டுமே போய்வந்தன. நயமான சொற்கள் குறைந்துகொண்டே வந்தன என்றும் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்தபோது இளையவர் வேறொன்றைச் சொன்னார்: "முடிஞ்சுபோன பலகையில ஏன்ணா தொடங்கணும்? ஒருதடவ மாட்டிட்டு அதோட விட்டுடுவோம். அப்புறம் எதுக்குக் கூடப்போறோம்?" அவருடைய கவலை பொருத்தியைப் பற்றியதல்ல என்று அப்போதுதான் புரிந்தது. ஐந்தாண்டு கழித்து ஒரு செயலியை மாற்றுவதற்கென்றாவது நாங்கள் மறுபடி ஒரே மேசைமுன் உட்கார வேண்டும் என்பதே அது.

அதன்பின் பேச்சு எளிதாயிற்று. ஏஎம்4 பலகையிலும் ஏறுவதற்குப் படிகள் உண்டு. கூடுதல் இடைநினைவகம் கொண்ட எட்டுக் கருச் செயலியான ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022லேயே வந்துவிட்டது. என்றேனும் விலை இறங்கும்போது அதே பொருத்தியில் மாட்டலாம். ரேமுக்கு நான்கு இடங்கள் உள்ள பலகையாகத் தேடினோம். எட்டு எட்டாக 16 ஜிபி போட்டால், இரு வழித்தடங்களும் இயங்கி வேகம் கூடும். இரண்டு இடங்களைக் காலியாகவும் விடலாம். பலகையில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. நாங்கள் தேர்ந்த கார்டு எட்டுத் தடங்களையே பயன்படுத்துவது. பழைய பி450 பலகையின் மூன்றாம் தலைமுறைத் தடங்களில் அதன் போக்குவரத்து பாதியாகிவிடும். பி550இல் நான்காம் தலைமுறை. மேலும், பி450 பலகைகள் 2018இல் வந்தவை. நெடுநாள் அலமாரியில் கிடந்த பலகையானால் புதிய செயலியை அடையாளம் காணாமல் கறுத்த திரையைக் காட்டி நிற்கக்கூடும். பி550க்கு 10,000 ரூபாய் போனது இதனால்தான்.

இனி எஸ்.எம்.பி.எஸ். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மின்வழங்கிக்கு அந்தப் பெயர்தான். வானொலி உதிரிபாகக் கடைகளிலிருந்து வளர்ந்த அந்தச் சந்தையில், நரசிங்கபுரம் தெருவரை நடந்து, நான்கு கடைகளில் கொட்டேஷன் வாங்கினோம். நான்கிலும் செயலிக்கும் கார்டுக்கும் நிறுவனப் பெயரும் எண்ணும் துல்லியமாக இருந்தன. மூன்றில் கடைசி வரி மட்டும் '500 வாட் எஸ்.எம்.பி.எஸ்.' என்று பெயரில்லாமல் நின்றது. ஏனென்று கேட்டோம். "அது உள்ளதான் சார் இருக்கும், யாரு பாக்கப்போறாங்க?" என்றார் ஒருவர், ஒளிவுமறைவின்றி.

யாரும் பார்க்காத அந்தப் பெட்டிதான் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கி மற்ற அனைத்துக்கும் பரிமாறுவது. அது கெட்டால் தனியே கெடுவதில்லை. பக்கத்திலிருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும். '80 ப்ளஸ்' முத்திரையும் மின்திறனைத்தான் அளக்கிறது, பாதுகாப்பை அன்று. அதிமின்னழுத்தம், மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான காப்புகள் உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனியே விசாரிக்க வேண்டும். எங்கள் தேவை முழுச்சுமையிலும் 250 வாட்டை ஒட்டியே இருக்கும். 550 வாட் கொண்ட, ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள ஒன்றை 5,000 ரூபாய்க்கு வாங்கினோம். செயலி 12,500, ரேம் 3,500, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி 5,000, முன்பக்கம் வலையிட்ட கேபினட் 4,000 என்று மீதித் தொகை தீர்ந்தது. வண்ணவிளக்குகள் பட்டியலில் இடம்பெறவில்லை. மே மாதச் சென்னையில் அறையின் காற்றே சூடாக இருக்கும்போது, அந்தக் காசுக்கு மற்றொரு மின்விசிறி மேல்.

எண்பதாயிரத்தில் சேராத செலவு ஒன்றும் இருந்தது. சைதாப்பேட்டை வீட்டில் மூன்று துளைப் பிளக்குகள் உண்டு. மூன்றாம் துளையின் பின்னால் கம்பி இல்லை. அத்தகைய வீட்டில் கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இரைச்சல் வடிகட்டி நிலத்துக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவு, போக்கிடமின்றிக் கேபினட்டில் நிற்பதே காரணம். பாகங்கள் வாங்குமுன் எலெக்ட்ரீஷியனை அழைத்து, கொல்லையில் எர்த் குழி போட்டோம். "இது எவ்வளவுடா கரண்ட் இழுக்கும்?" என்றார் அம்மா. 250 வாட், நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட் என்றோம். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சரி, ஞாயித்துக்கெழம மட்டும்தானே" என்றார். அது கேள்வியா, நிபந்தனையா என்று நாங்கள் கேட்கவில்லை.

கோத்த கதையை விரிக்க வேண்டியதில்லை. செயலியின் மூலையிலுள்ள பொன்முக்கோணத்தைப் பொருத்தியிலுள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானே இறங்குகிறது, அழுத்துவது கூடாது. ரேம் இரண்டும் இரண்டாம், நான்காம் இடங்களில். திரையின் கம்பி பலகையில் அல்ல, கார்டில். பயோஸில் எக்ஸ்எம்பியை இயக்கினாலன்றி 3200 வேக ரேம் அவ்வேகத்தில் ஓடாது. மூன்று மணி நேரத்தில் முடிந்த இவ்வேலையைவிட, அதற்கு முந்தைய ஆறு வாரங்களே எங்களுக்குப் பெரிது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஏன் என்று ஒருவர் மற்றவருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை காரணங்களை நாங்கள் பரிமாறிக்கொண்டு வெகுகாலமாகியிருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் 'வெண்பா' என்ற சிறு விளையாட்டும் வெளியாகியிருந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை. தாயின் கிழிந்து மங்கிய சமையற்குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. அண்டை அறையிலிருந்து வந்த அம்மா, நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, தட்டுகளை எப்படி அடுக்க வேண்டுமென்று எங்களுக்கு ஆணையிடத் தொடங்கினார். அன்று கார்டின் விசிறி சுழலக்கூட இல்லை. எங்களுடைய பழைய மடிக்கணினியே அந்த விளையாட்டுக்குப் போதுமானது. ஆனால் மடிக்கணினி இருந்த வீடுகளில் அம்மா இல்லை.

2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. நாங்கள் விட்டுவைத்த இரண்டு இடங்களும் காலியாகவே இருக்கின்றன. மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்து எதை மாற்றுவது என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அதை விரைந்து முடிக்கும் அவசரம் எங்கள் இருவருக்குமே இல்லை.