எட்டு மா கம்பளி

தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்குக் கம்பளி நூலோடு பெரிய உறவு எதுவும் கிடையாது. மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. அதுவும் விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போகும் கிழவர்களுக்குத்தான். எங்கள் வீடுகளில் கம்பளி என்பது பீரோவின் அடித்தட்டில், பாச்சை உருண்டை மணத்தோடு கிடந்த ஒரே ஒரு போர்வை. காசிக்குப் போகிறவர்கள் வந்து இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து போன நாங்கள் நால்வர், நார்வே நாட்டின் ட்ரோன்ஹெய்ம் நகரில் ஊசியும் உல்லன் நூலுமாக உட்கார்ந்து, அதன் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்துகொண்டோம். பெயர்கள் வேண்டாம். ஊர்களால் சொல்லிவிடுகிறோம்: கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி, கீழ்வேளூர்.

நால்வருமே கணவர்களின் வேலையை ஒட்டி அங்கே போனவர்கள். டிசம்பர் மாதத்தில் அவ்வூரில் சூரியன் உதிப்பது காலை பத்து மணிக்கு. மதியம் இரண்டரைக்கு அடைந்துவிடும். நகரைச் சுற்றி வளைந்தோடும் நிடெல்வா ஆறு ஒன்றுதான் எங்களுக்குப் புரிந்த விஷயமாக இருந்தது. ஆற்றை வைத்து ஊரை அடையாளம் சொல்லிப் பழகியவர்கள் அல்லவா? தமிழர்களே இல்லாத ஊரும் அல்ல அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு கூடத்தில் பட்டுப்புடவைகள் கூடும். சாம்பார் சாதம் உண்டு, குழந்தைகளின் நடனம் உண்டு, தொலைபேசி எண்களை வாங்கிக்கொள்வதும் உண்டு. பிறகு அடுத்த பண்டிகை வரை யாரும் யாரையும் அழைப்பதில்லை. அங்கே எல்லோரும் முதலில் ஊர் கேட்பார்கள். "தஞ்சாவூர் பக்கம்" என்றால் "பக்கம்னா எது?" என்பார்கள். அடுத்ததாகத் தெரு கேட்பார்கள். தெருவை எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைக் காவிரிப் படுகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நகர நூலகத்தில் வாரம் ஒரு மாலை பின்னலுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மொழி பழகலாம் என்றுதான் கும்பகோணத்தவள் முதலில் போனாள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களும் போனோம். அங்கே இருவர் எங்களுக்காகக் காத்திருந்தது போல இருந்தார்கள். ஒருவர் எண்பதைக் கடந்த நார்வேக்காரப் பாட்டி. இன்னொருவர் யாழ்ப்பாணத்து அக்கா.

ஊரில் இத்தகைய மேசைகள் இல்லையா என்று கேட்டால், உண்டு, மேசைதான் கிடையாது. திண்ணையில் ஒயர்க் கூடை போட்ட மதியங்களை நினைத்துப் பாருங்கள். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று ஒருத்தி கற்றுவந்தால் பத்து நாளில் தெருவெங்கும் அதே கூடை தொங்கும். மாலை நான்கு மணிக்கு வாழைநாரும் உதிரிப் பூவுமாக உட்கார்ந்தால், விளக்கு வைப்பதற்குள் மருமகள் கதையிலிருந்து மாப்பிள்ளை கதை வரை எல்லாம் தொடுத்து முடிந்திருக்கும். கை ஒரு வேலையில் இருக்க வேண்டும், கண் அந்த வேலையின் மேல் குனிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் பெண்களுக்கு வாய் திறக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. வெளிநாட்டில் எங்களுக்கு ஆட்கள் கிடைக்காமல் போகவில்லை. அருகருகே உட்கார்ந்து செய்வதற்கு ஒரு வேலைதான் கிடைக்காமல் இருந்தது.

பாட்டி செல்பு என்ற சிற்றூரில் பிறந்தவர். ட்ரோன்ஹெய்முக்குத் தென்கிழக்கே இருக்கிறது அவ்வூர். மாவரைக்கும் திருகைக் கற்களை வெட்டியெடுத்து ஜீவித்த ஊர் அது. 1857-இல் மாரித் எம்ஸ்டாட் என்ற பதினாறு வயதுப் பெண் கறுப்பும் வெள்ளையுமான நூலில் எட்டு இதழ்ப் பூவொன்றைக் கையுறையில் பின்னி, அதை அணிந்துகொண்டு தேவாலயத்துக்குப் போனாள். பார்த்தவர்கள் எல்லோரும் அது போலவே பின்னத் தொடங்க, இன்று உலகமே அந்தப் பூவை நார்வேயின் அடையாளமாக எண்ணுகிறது. திருமணத்துக்கு வந்தவர்களுக்கு மணப்பெண் வீட்டார் கையுறை கொடுக்கும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது என்றார் பாட்டி. எங்கள் ஊர்த் தாம்பூலப் பையின் சரித்திரம் இத்தனை சுவையானதல்ல.

அந்தப் பூவின் வரைபடத்தைப் பாட்டி மேசையில் விரித்தபோது, அது எங்களுக்குப் புதிதாகப் படவில்லை. கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஒரு கண்ணி. கறுப்பா வெள்ளையா என்பது மட்டுமே கேள்வி. கும்பகோணத்தவள் தாளின் ஓரத்தில் புள்ளிகளை வைத்து ஹிருதய கமலத்தைப் போட்டுக் காட்டினாள். எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி. கோடு விடுபடாமல் சுற்றிவந்தால் எட்டிதழ்த் தாமரை. பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார். கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, அதைக் கணிதமாக எழுதிக் காட்டலாம் என்று சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் 1970-களில் ஆராய்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கணிதம் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது. மொழி வகுப்பில் மூன்று மாதத்தில் வராத நெருக்கம் அந்த ஒரு தாளில் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து அக்காவின் கதை வேறு. 1956-இல் நார்வேக்கு வந்த குருநகர் அந்தோனி ராஜேந்திரத்தைத்தான் அங்குள்ளவர்கள் முதல் தமிழராகச் சொல்வார்கள். அவர் பின்னாளில் சீநோர் என்ற அமைப்பின் வழியாக யாழ்ப்பாணத்து மீனவர்களுக்குப் படகும் வலையும் செய்யும் தொழிலை உண்டாக்கினார். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பிறகு வந்தவர்களும், போருக்குத் தப்பி வந்தவர்களுமாகப் பலர் 1980-களில் வடகோடி ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்றார்கள். அக்கா அவர்களில் ஒருவர். குளிர்ந்த நீரில் மீன் அறுத்த விரல்கள், அறுபது வயதில் ஊசியை மடக்கிப் பிடிக்கச் சிரமப்படும். ஆனால் பின்னலில் விட்ட இடத்தை எங்கிருந்தாலும் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். "பிள்ளை, கண்ணி ஒண்டு விட்டுப்போச்சு, பாருங்கோ" என்பார். வலைக்கும் கண்ணிதான், பின்னலுக்கும் கண்ணிதான் என்பதை அவர் சொல்லித்தான் யோசித்தோம்.

2016 சனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற பெண்கள் குழு, உலகிலேயே பெரிய குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. குழுவைத் தொடங்கியவர் சுபஸ்ரீ நடராஜன். வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே, தத்தம் வீட்டில் துண்டு துண்டாகப் பின்னியதை ஒன்றாக இணைத்தார்கள். மொத்தப் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். குரோஷா ஒற்றைக் கொக்கி வேலை, நாங்கள் செய்வது இரட்டை ஊசி; இரண்டும் வேறு என்று பாட்டி கறாராகச் சொல்லிவிட்டார். இருந்தாலும் அந்தச் செய்தியை மேசையில் வைத்துக் கொண்டாடினோம்.

சதுர மீட்டர் எங்களுக்குப் பிடிபடாத அளவு. திருவையாற்றாள்தான் கணக்குப் போட்டாள்: இரண்டே முக்கால் ஏக்கர். ஏக்கருக்கு மூன்று மா. ஆக எட்டு மாவுக்குச் சற்று மேல். (வெளியூர் வாசகர்களுக்கு: முப்பத்து மூன்று செண்ட் ஒரு மா, இருபது மா ஒரு வேலி.) "எட்டு மா கம்பளி!" என்று சிரித்தோம். மன்னார்குடியவள் உடனே, "மாவுக்குப் பத்து மூட்டைன்னு வச்சாக்கூட எண்பது மூட்டை காணும்" என்றாள். அதே மூச்சில் கீழ்வேளூராள் சொன்னாள்: "மாவுக்கு அஞ்சு ஆளு. நாப்பது ஆளு நட்டாத்தான் ஒரே நாள்ல முடியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி வரப்பின் மேல் நின்று பார்த்த எட்டு மா. இன்னொருத்தி சேற்றில் குனிந்து பார்த்த எட்டு மா. இரண்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தும் நாங்கள் தெருவைக் கேட்காமலே இருந்திருக்கிறோம். அதை நாகரிகம் என்று எண்ணியிருந்தோம். இப்போது கேட்காமலே தெரிந்துவிட்டது. ஊரில் இருந்திருந்தால் திண்ணைக் கூடையும் நடவு வரிசையும் ஒன்றையொன்று தொட்டிருக்காது என்பது நால்வருக்கும் தெரியும். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குக் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பாட்டி எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அவர்களுக்கு இருபத்து நான்காம் தேதி இரவுதான் பெரிய விருந்து. இருபத்தைந்து ஓய்ந்திருக்கும் நாள். பிற்பகலில் வெளியே இருட்டியிருந்தது. சன்னலில் மெழுகுவத்திகள், எல்லோர் கையிலும் பின்னல். உங்கள் ஊரில் இந்த நாளில் என்ன செய்வீர்கள் என்று பாட்டி வரிசையாகக் கேட்டுவந்தார். வேளாங்கண்ணி பற்றி ஒருத்தி சொன்னாள். பள்ளியின் அரைப் பரீட்சை விடுமுறை பற்றி இன்னொருத்தி சொன்னாள். கீழ்வேளூராள் முறை வந்தபோது அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்க வெண்மணிக்குப் போவோம்" என்றாள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் கூலி விவசாயக் குடும்பத்தவர். கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டார்கள், சங்கம் வைத்திருந்தார்கள் என்பவையே அவர்கள் செய்தவை. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் செங்கொடிகளோடு மக்கள் அங்கே கூடுகிறார்கள். அவளுடைய அப்பாயி அன்றிரவு பக்கத்து ஊரில் இருந்ததால் பிழைத்தவர். இதையெல்லாம் அவள் உடைந்த நார்வே மொழியில், சொல் கிடைக்காத இடங்களில் அக்காவிடம் கேட்டுக் கேட்டு, குரல் உயராமல் சொன்னாள். நாங்கள் மூவரும் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' படித்தவர்கள். 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் என்று பொது அறிவுப் புத்தகத்திலும் படித்தவர்கள். ஆனால் அது நாவலாகவே எங்களிடம் இருந்தது.

பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நெல் கேட்டார்கள்?" கீழ்வேளூராள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். மன்னார்குடியவள் பின்னலை மடியில் வைத்துவிட்டாள். அதன்பின் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. ஊசிகள் மட்டும் பேசின. எழுந்து போய்விடலாம் என்று ஒவ்வொருத்திக்கும் தோன்றியிருக்கும். கையில் பாதிப் பின்னல் இருந்தது. வரிசையை முடிக்காமல் வைத்தால் எண்ணிக்கை போய்விடும். அதனால் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நட்பு அன்று முறியாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் எங்களால் சொல்ல முடியவில்லை.

அன்று ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அடுத்த இரண்டு வாரம் மன்னார்குடியவள் நூலகத்துக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து கீழ்வேளூராளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் அப்பா காலத்துக் கூலிக் கணக்கு நோட்டு பற்றி அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கீழ்வேளூராள் சில இடங்களில் திருத்தினாள். அளக்கிற படி எது, கொடுக்கிற படி எது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பேசிய அனைத்தையும் இங்கே எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

2019 பொங்கலுக்கு இருவரும் ஒரே விமானத்தில் ஊருக்கு வந்தார்கள். முந்தைய நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மன்னார்குடிப் பக்கம் தென்னைகள் சாய்ந்தது சாய்ந்தபடி கிடந்தன. மன்னார்குடி வீட்டில் அம்மா ஊர் கேட்டார். "கீழ்வேளூர் பக்கம்." "பக்கம்னா?" "வெண்மணிக்குப் பக்கத்துலம்மா." அம்மா உள்ளே போய்விட்டார். காப்பி வருவதற்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று. வந்தபோது வீட்டார் குடிக்கும் அதே வரிசை டம்ளரில்தான் வந்தது. அதைக் கவனித்தோம் என்று எழுத நேர்வதே போதுமான அளவு வருத்தம். கீழ்வேளூராள் காப்பியைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து பாதி முடிந்த காலுறையை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இது என்னடி முடிச்சு, சிவன் கண் மாதிரி இருக்கு?" என்று கிட்டே வந்து உட்கார்ந்தார். அடுக்களைக்குள் வா என்று அவர் அழைக்கவில்லை. விளக்கு வைக்கும் வரை திண்ணையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

கீழ்வேளூருக்குப் பாட்டி ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தனுப்பியிருந்தார். கறுப்பு வெள்ளையில் எட்டிதழ்ப் பூ, தம் கைப்பட மூன்று வாரம் பின்னியது. கீழ்வேளூராளின் அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பொங்கலன்று அதை மாட்டிக்கொண்டுதான் பானையை அடுப்பிலிருந்து இறக்கினார். கம்பளிக்குச் சூடு தாங்கும் குணம் உண்டு. கரித்துணியைவிட நன்றாக வேலை செய்தது என்று கேள்வி. அந்தப் புகைப்படத்தைப் பாட்டியிடம் காட்டத் தயங்கினோம். அவர் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு பானையின் வாய் அகலம் எவ்வளவு என்று கேட்டு, அடுத்த ஜோடிக்குக் கண்ணிகளை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார்.