எங்கட வாசிகசாலையும் ஒரு விலங்குப் பண்ணையும்

2022 ஆடி மாதம். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்த படங்கள் எல்லாருடைய போனிலும் ஓடிக்கொண்டிருந்த கிழமை, எங்கட ஊரில் நாங்களும் ஒரு சின்னப் புரட்சி செய்தோம்.

வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையம். பெயர் வேண்டாம். ஊரில் வாசிகசாலை எண்டுதான் சொல்வார்கள். பதினேழு வருசமாக ஒரே தலைவர், ஒரே பொருளாளர். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வரும் காசுக்கு யாரும் கணக்குக் கண்டதில்லை. புத்தக அலுமாரியின் திறப்பு தலைவர் வீட்டில். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டு சும்மா திரிந்த நாங்கள் பதினொரு பேர் பொதுக்கூட்டத்துக்குப் போய், கை உயர்த்தி, நிர்வாகத்தை எடுத்தோம். அன்றிரவே ஒரு மட்டையில் மூன்று விதி எழுதி அறிவித்தல் பலகையில் குத்தினோம். மாதக் கணக்கு இந்தப் பலகையில் வரும். கூட்டத்துக்கு ஆரும் வரலாம். அலுமாரித் திறப்பு வாசிகசாலையிலேயே இருக்கும்.

"பெடியள் எடுத்திட்டாங்கள், இனிச் சரி" எண்டது ஊர். காலமை பேப்பர் பார்க்க வரும் ஒரு ஐயா மட்டும் கண்ணாடியைக் கழட்டிச் சாரத்தில் துடைத்தபடி சிரித்தார். "முந்தியும் ஒருக்கால் பெடியள் எடுத்தவங்கள்" எண்டார். அவ்வளவுதான். அவர் இயக்கத்தைச் சொல்கிறார் எண்டது விளங்கியது. ஏன் எங்களுக்குச் சொல்கிறார் எண்டது விளங்கவில்லை.

கம்பஸுக்கு வந்தபிறகு, எங்களில் ஒருத்திக்கு ஜோர்ஜ் ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' பாடமாக வந்தது. அவள் ஆங்கிலத்தில் படித்தாள். மற்றவர்கள் க.நா.சு.வின் தமிழில் படித்தோம். மாலையில் கன்ரீன் வாங்கில் இருந்து கதைத்தோம். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜோன்ஸ் எண்ட குடிகார முதலாளியை விலங்குகள் அடித்துக் கலைக்கின்றன. எல்லா விலங்கும் சமம் எண்டு சுவரில் ஏழு விதி எழுதுகின்றன. பிறகு பன்றிகள் தலைமையை எடுக்கின்றன. நெப்போலியன் எண்ட பன்றி, கூட நிண்டு போராடின ஸ்னோபோல் எண்ட பன்றியை நாய்களை ஏவிக் கலைக்கிறது. சுவரில் இருந்த விதிகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. கடைசியில் பன்றியும் மனிசனும் ஒரே மேசையில்.

முதல்நாள் நாங்கள் விளையாடின விளையாட்டு, பன்றி யார் எண்டு கண்டுபிடிக்கிறது. மிச்சம் சுகம். ஒருத்தன் ராஜபக்ச குடும்பம் எண்டான். ஒருத்தி எங்கட கட்சிக்காரரின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். ஒருவனுடைய மாமா ஒரு இயக்கம், இன்னொருவனுடைய சித்தப்பா வேறு இயக்கம். இவனுக்கு அந்த இயக்கத்தில் பன்றி தெரிந்தது, அவனுக்கு இந்த இயக்கத்தில். தன்ர வீட்டுப் பன்றியை மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பொக்சர் எண்ட குதிரை வந்த இடத்தில் விளையாட்டு நிண்டது. கேள்வி கேட்காமல் உழைத்து, சண்டையில் முன்னுக்கு நிண்டு, விழுந்தபிறகு இறைச்சிக்கு விற்கப்படுகிற குதிரை. எங்கட ஒழுங்கையில் மூன்று வீட்டில் கார்த்திகை 27 விளக்கு எரியும். அந்தப் பிள்ளைகள் போகும்போது எங்களிலும் வயது குறைந்தவர்கள். அவர்களைக் குதிரை எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஓர்வெல் பொக்சரைப் பகிடி பண்ணவில்லை எண்டதும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் புத்தகத்தில் அவர் அதிகம் அழுதது அந்தக் குதிரைக்காகத்தான் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

இந்தப் புத்தகத்தைக் காட்டி, "பாத்தியளே, போராட்டம் எண்டாலே இப்பிடித்தான் முடியும்" எண்டு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எழுதினவர் கதிரையில் இருந்து எழுதினவர் இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய், பி.ஓ.யு.எம். எண்ட சின்ன மார்க்சியக் கட்சியின் படையில் சேர்ந்து, 1937 இல் தொண்டையில் குண்டு வாங்கினவர். ஆஸ்பத்திரியால் வந்து பார்த்தால் சுட்ட எதிரி அல்ல, ஒரே பக்கம் நிண்ட சோவியத் சார்புக் கம்யூனிஸ்டுகள்தான் அவரின் கட்சிக்குப் பாசிச உளவாளிகள் எண்டு பட்டம் கட்டியிருந்தார்கள். கட்சி தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் ஆந்த்ரேய் நின் கடத்திக் கொல்லப்பட்டார். ஓர்வெல் மனைவியோடு எல்லை தாண்டித் தப்பினார். அதற்குப் பிறகுதான் 'விலங்குப் பண்ணை'. ஸ்டாலின் பிரித்தானியாவின் கூட்டாளியாக இருந்த நேரம் எண்டபடியால் பதிப்பகங்கள் தட்டிக் கழித்தன. 1945 ஆவணியில்தான் வெளிவந்தது.

துரோகி எண்ட சொல்லை அவர் தன்ர முதுகில் சுமந்து பார்த்தவர். அந்தச் சொல் எங்கட ஊரிலும் வேலை செய்திருக்கிறது. புளொட்டுக்குள் இருந்து வெளியேறின கோவிந்தன், ஒரு இயக்கத்துக்குள் நடக்கும் சித்திரவதையையும் கொலையையும் 'புதியதோர் உலகம்' எண்ட நாவலாக எழுதினது 1985 இல். அடுத்த வருசம் சித்திரை கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் ரெலோ பெடியளைப் புலிகள் சந்திகளில் கொன்றார்கள். கோவிந்தனும் பிறகு புலிகளால் பிடிக்கப்பட்டவர், திரும்பி வரவில்லை. 1990 ஐப்பசி 30 யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் சனத்துக்கு இரண்டு மணித்தியாலம் குடுத்தார்கள். 1991 ஆவணியில் செல்வி பிடிக்கப்பட்டார். கவிஞர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த மாணவி. நாங்கள் இருந்து ரீ குடிக்கிற வளவுக்குள் நடமாடின ஒருத்தி. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் முகநூலில்தான் அறிந்தோம்.

வீட்டில் கேட்டால் கதை வராது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா மட்டும், ரெலோக் கதையைக் கேட்டதும் புழுக்கொடியல் நொறுக்கிறதை நிப்பாட்டிவிட்டு, "சுட்டுப்போட்டு வந்த பெடியளுக்கு நாங்கள் சோடா உடைச்சுக் குடுத்தனாங்கள் பிள்ளை. அவங்களுக்கும் தாகம்தானே" எண்டா. கொஞ்ச நேரத்தால், "செத்த பெடியனும் முந்தின கிழமை எங்கட கிணத்தில தண்ணி குடிச்சவன்" எண்டா. பிறகு உள்ளே எழும்பிப் போய்விட்டா.

கதையில் ஸ்குவீலர் எண்ட பன்றி இருக்கு. எந்த அநியாயத்துக்கும் விளக்கம் வைத்திருக்கிறவன். விளக்கம் எடுபடாத இடத்தில் அவனிடம் ஒரு கேள்வி இருக்கு: ஜோன்ஸ் திரும்பி வந்தால் உங்களுக்குச் சம்மதமோ எண்ட மாதிரி. அதோடு எல்லாரும் அடங்கிப்போவார்கள். இதை வாசித்தவுடன் எங்களுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தோம், எல்லா வீட்டிலும் கேட்ட வசனம் எண்டபடியால். "அப்ப ஆமி நல்லவனோ?" இந்தக் கேள்வியின் கெட்டித்தனம், அதிலுள்ள பயம் உண்மை எண்டதுதான். 1981 இல் எங்கட நூலகத்தை எரித்தது கற்பனை ஜோன்ஸ் இல்லை. வலிகாமம் வடக்கில் இண்டைக்கும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் சனத்தின் காணி கிடக்கு. ஓர்வெல்லின் பண்ணையில் ஜோன்ஸைக் கலைத்தபிறகுதான் பன்றி பன்றியாகிறது. எங்கட பண்ணை ஒருநாளும் முழுசாய்க் கைக்கு வரவில்லை, ஜோன்ஸ் படலையடியிலேயே நிண்டான். அதற்கு முதலே சுவரில் விதி மாறத் தொடங்கிவிட்டது. இதை ஓர்வெல் எழுதவில்லை. எங்கட ஆக்கள்தான் எழுதவேணும்.

இதுவரைக்கும் எழுதினது எல்லாம் கன்ரீனில் கதைத்தது. கதைக்காத ஒண்டு இருக்கு.

கிளோவர் எண்ட பெண்குதிரை சுவரைப் பார்த்து, விதி முந்தி இப்பிடி இருக்கவில்லையே எண்டு குழம்புகிற இடத்தை வாசித்துக்கொண்டிருந்தவள் நிப்பாட்டினாள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அந்த மட்டைதான் நினைவு வந்தது.

எங்கட முதல் விதி நாலு மாதம் இருந்தது. ஐந்தாம் மாதம் சோதனை, "அடுத்த மாதம் சேர்த்துப் போடுவம்" எண்டோம். பிறகு போடவே இல்லை. இரண்டாவது விதி வட்ஸ்அப்புக்குப் போனது. கூட்டம் குறூப்பிலேயே முடிந்துவிட்டால் ஊர் எப்படி வாறது? அலுமாரித் திறப்பு எங்கட தலைவன் வீட்டுக்குப் போனது, களவு போகாமல் இருக்க. ஒவ்வொண்டுக்கும் காரணம் இருந்தது. நல்ல காரணம். மட்டை மட்டும் அப்பிடியே தொங்கியது, மழை ஈரத்தில் மை ஊறி. சுவரை மாற்றி எழுதுகிற வேலைகூட எங்களுக்கு இருக்கவில்லை.

கரப்பந்துத் திடலுக்கு போக்கஸ் லைட் போட வெளிநாட்டுக் காசு வந்தது. அதில் 18,000 ரூபாவுக்கு, சுற்றுப்போட்டி முடிந்த இரவு, கொத்தும் சோடாவும் வாங்கிச் சாப்பிட்டோம். பதினொரு பேரில் ஒருத்தன் குறூப்பில் கணக்குக் கேட்டான். முதன்முதல் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினவன் அவன்தான். "அப்ப பழைய தலைவரையே கூட்டிக்கொண்டு வந்து இருத்துவமோ?" எண்டு எழுதினோம். அவன் திரும்பவும் கேட்டான். எங்களில் ஒருத்தன் 'துரோகி' எண்டு ரைப் பண்ணிச் சிரிக்கிற பொம்மை ஒண்டு போட்டான். ஆறு பேர் அதுக்கு லைக் போட்டோம். பிறகு அவனைக் குறூப்பால் எடுத்தோம். யார் எடுத்தது எண்டு போனில் தெரியும். இங்கே எழுதாமல் விடுகிறோம், எல்லாரும் எடுத்தது எண்டபடியால்.

ஐயாவிடம் போனோம். கதையில் பெஞ்சமின் எண்ட கழுதை இருக்கு. வாசிக்கத் தெரியும், எல்லாம் விளங்கும், வாய் திறக்காது. நண்பன் பொக்சரை வண்டியில் ஏற்றினபிறகுதான் கத்துகிறது. அதைச் சொல்லாமல், "முதல்நாளே விளக்கமாய்ச் சொல்லியிருக்கலாமே ஐயா" எண்டு கேட்டோம்.

"சொன்னா நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்?" எண்டார். நாங்கள் பேசாமல் நிண்டோம். "பழைய நிர்வாகத்தின்ர ஆள் எண்டு சொல்லியிருப்பியள்" எண்டு அவரே சொன்னார். பிறகு, கேட்காமலே, எண்பத்தாறில் தான் படிப்பித்த பெடியன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். அதை எழுத வேண்டாம் எண்டு கேட்டுக்கொண்டார்.

போன மாதம் இரண்டு வருசக் கணக்கையும் எழுதி பலகையில் குத்தினோம். "கொத்து, சோடா: ரூ. 18,000" எண்ட வரியை எடுப்பமோ விடுவமோ எண்டு ஒரு மணித்தியாலம் சண்டை. "சிற்றுண்டி" எண்டு போடுவம் எண்டான் ஒருத்தன். கடைசியில் கொத்து எண்டே போட்டோம். அவனைத் திரும்பக் குறூப்பில் சேர்த்தோம். அடுத்த நிமிசம் அவனே விலகினான். பின்னேரம் சைக்கிளில் வந்து, இறங்காமல், ஒரு காலை மதகில் ஊன்றிக்கொண்டு பலகையைப் பார்த்தான். கடைசி வரி வரைக்கும் வாசித்தான் எண்டு நினைக்கிறோம். எங்கட பக்கம் திரும்பவில்லை.