தென்னாற்காட்டுக் கல்வழி – 7: இடுதுளை வைத்த கல்லறைகள்

இறந்தவரின் எலும்பையும் உடைமையையும் காக்கப் பெருங்கற்களால் எழுப்பிய அமைப்புகளைப் பெருங்கற்படைச் சின்னங்கள் என்பர். தரைக்குமேல் தெரிவது கற்திட்டை. மண்ணுக்குள் பலகைக்கற்களால் அறையாக அமைவது கற்பதுக்கை. அதைச் சுற்றி நிற்பது கல்வட்டம். இவை எழக் கல் வளம் வேண்டும். சென்ற பகுதியில் ஏறிய செஞ்சியின் ராஜகிரி மலையும் எதிரே நிற்கும் கிருஷ்ணகிரியும் அந்த வளம் எப்படிப்பட்டது என்று காட்டுகின்றன. செஞ்சிக்கோட்டையின் மதில்களுக்குக் கல் கொடுத்த இந்த நிலத்தில், அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஈமச்சின்னங்களுக்காகக் கல் பெயர்த்தவர்கள் இருந்தார்கள். பழைய தென்னாற்காட்டு உடையார்நத்தத்தில், தலையின்றித் தோள்கள் மட்டும் இருபுறமும் வளைந்து விரிந்த மனித உருவப் பலகைக்கல் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரிலும் அதன் வகையைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு.

ஐரோப்பாவிலும் பெருங்கற்களால் கல்லறைகள் எழுந்தன; அவை புதிய கற்காலத்தவை. அயர்லாந்தின் நியூகிரேஞ்சு கல்லறை சுமார் கி.மு. 3200-ஐச் சேர்ந்தது. அதன் நடைவழி 19 மீட்டர் நீளம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலையொட்டி, எழும் சூரியனின் ஒளி அவ்வழியே உள்ளறை வரை செல்கிறது. தென்னிந்தியாவில் வரிசை வேறு. கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, கற்கோடரி மக்களின் அடுக்கு கீழேயும் பெருங்கற்படை மக்களின் அடுக்கு மேலேயும் கிடைத்தன. கற்கோடரி மக்கள் குழந்தைகளைத் தாழியிலிட்டுக் குடியிருப்புக்குள்ளேயே புதைத்தனர். பெருங்கல் அறைகள் அடுத்து வந்த இரும்புக்கால மக்களின் வேலை. ஆனால் அந்த இரும்புக்காலம் எப்போது தொடங்கியது என்ற கணக்கே இப்போது மாறிவருகிறது. தமிழ்நாட்டின் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்ற காலம் கிடைத்தது. சிவகளைத் தாழிகளின் மாதிரிகளுக்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அப்படியானால் நியூகிரேஞ்சு எழுந்த நூற்றாண்டுகளிலேயே சிவகளையைச் சேர்ந்த பொருநை (தாமிரபரணி) வட்டாரத்தில் இரும்பு புழங்கியிருக்கிறது.

கற்பதுக்கையின் அமைப்பில் ஆழ்ந்து பார்க்க வேண்டியது இடுதுளை. நான்கு பலகைக்கற்களில் ஒவ்வொன்றும் அடுத்த கல்லைத் தாண்டி நீளும்படி நிறுத்தப்படும். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்தக் கற்கள் ஒன்றையொன்று தாங்கி இறுகும். சுண்ணாம்போ பிணைப்போ தேவையில்லை. அடியில் ஒரு கல், மூடியாக ஒரு கல். பெரும்பாலும் கிழக்கே நிற்கும் பலகையில் வட்டமாக ஒரு துளை; அதுவே இடுதுளை. சில இடங்களில் துளைக்கு முன்னால் சிறு கற்களை இருபுறமும் நிறுத்திக் குறுகிய வழி அமைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நடைவழிக்கு இங்கே நெருங்கி வருவது இதுதான். விரிசல் விழாமல் கருங்கல் பலகையில் வட்டம் வெட்டுவது அந்தக் காலக் கருவிகளுக்குக் கடும் உழைப்பு. மூடிக்கல்லை அசைக்காமல் மீண்டும் உள்ளே எலும்பும் படையலும் வைப்பதற்கே அந்த உழைப்பு என்பது என் துணிபு. ஒரே அறையில் பலருடைய எலும்புகள் கிடைப்பதும், அவை முழு உடலாக இல்லாமல் பொறுக்கி எடுத்து வைத்த துண்டுகளாக இருப்பதும் அதற்குப் பொருந்துகின்றன.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியே வடகிழக்கே சென்றால் மதுராந்தகம் பக்கத்தில் சானூர். 1950, 1952 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறைக்காக என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் இங்கே அகழ்ந்தார்கள். கற்குவைகளுக்கும் கல்வட்டங்களுக்கும் அடியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் இருந்தன. உடன் கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். கல் அறை, மண் பேழை, தாழி எல்லாம் ஒரே பண்பாட்டுக்குள் வழங்கிய முறைகள். எரித்தல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்தையும் மணிமேகலை ஒரே மூச்சில் சொல்கிறது.

படையலின் செழிப்பை அறியக் கொடுமணலுக்குப் போக வேண்டும். நொய்யல் கரையில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில், ஒரே கற்பதுக்கையிலிருந்து 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அக்கல் கொங்கு நாட்டில் விளைவதன்று. குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த பொருளை இருப்பவர் அணியாமல் இறந்தவரோடு வைத்திருக்கிறார்கள்.

தென்னாற்காட்டு வட்டாரத்தில் இந்தச் சின்னங்களுக்குப் பெரும் பகை கல்குவாரியும் மண் எடுக்கும் இயந்திரமும். கல்வட்டத்துக்குள் இயந்திரம் தோண்டினாலே, உள்ளே எந்தப் பானை எந்தத் திசையில் இருந்தது என்ற தடயம் போய்விடும். பானையை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். அது இருந்த இடத்தை வைக்க முடியாது. அகழாத சின்னங்களைக் கிராம வாரியாக அளந்து, புல எண்ணோடு பதிந்து, குவாரி உரிமம் தருவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்க்கச் செய்வது உடனே நடக்க வேண்டிய வேலை.