வடக்கே ஓடும் புகையிரதம்

1995ஆம் ஆண்டின் வகுப்பின்படி கனடாவின் நிலம் 15 சூழல் வலயங்கள் கொண்டது. அவற்றுட் சிலவற்றை ஒரே யாத்திரையிற் காண விழைவோர் வின்னிபெக் நகரில் புகையிரதம் ஏறுதல் வேண்டும்.

முதலிற் கோதுமை வயல். பின்னர் ஓயாத ஊசியிலைக் காடு. சேர்ச்சில் துறையை அணுகுங்கால் மரங்கள் குறுகிவிடுகின்றன. வடமேற்குக் காற்று மோதும் பக்கத்திற் கிளையே இல்லை. கொடி கட்டிய கம்பங்கள்தாம்! அப்பால் தூந்திரம்.

உறைமண்மீது 1929இல் சேர்ச்சிலை எட்டிய இத்தண்டவாளத்தை 2017இல் வெள்ளம் அரித்தது. தெருவழி இல்லாத அவ்வூருக்கு 2018இன் பிற்பகுதிவரை உணவைப் பெரும்பாலும் விமானமே சுமந்தது.

ஹட்சன் குடா உறையும்வரை வெண்கரடிகள் கரையிற் பசியோடு காத்திருக்கின்றன. உறைவோ முன்னிலும் பிந்துகிறது. ஊரார் பலர் மோட்டார் வண்டிகளைப் பூட்டுவதில்லை. தெருவிற் கரடி எதிர்ப்பட்டால் எவரும் உள்ளே புகுந்துகொள்ளலாமன்றோ?