எழுபது வளைவுகளும் அம்மாவும்

மஞ்சள் விற்ற பணத்தோடு, சீறிப் பாயும் என் சின்ன காரையும் கொடுத்துவிட்டு, ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. குடும்பத்தோடு முதல் பயணம், கொல்லிமலைக்கு.

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரில் இதே பாதையை விரட்டி ஏறியவன் நான். இந்த வண்டியில் அது நடக்காது. ஆள் நிறைந்திருந்தால் வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். வேகமாகத் திருப்பினால் சாய்கிறது. பத்தாவது வளைவில், 'தப்பு பண்ணிட்டோமோ' என்றுகூடத் தோன்றியது.

"மெதுவாவே போ கண்ணு, மிளகுக்கொடியப் பாக்கணும்" என்றார் அம்மா. முழங்கால் வலிக்காரர். தாழ்வான பழைய காரில் குனிந்து ஏற முடியாமல், "நீங்க போயிட்டு வாங்க" என்று வாசலிலேயே நின்றுவிடுவார். இதில் கால்படி இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறிவிட்டார்.

அறப்பளீசுவரரைக் கும்பிட்டோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் என்பதால் பிள்ளைகள் மட்டும் இறங்கினார்கள். நானும் அம்மாவும் கோயில் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்படிப் பேசி எத்தனை வருடம் ஆகிவிட்டது!

திரும்பும்போது, ஏறிய கியரிலேயே இறங்கினேன். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவதும் முக்கியம்.

வண்டி வாங்கப் போகிறீர்களா? வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போய், ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.